காம்பு கிள்ளிய கை

ஓட்டல் ஓட்டலாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு அதற்குச் சம்பளமும் வாங்குகிற வேலை எனக்கு. கேட்பவர்கள் வயிறெரிவார்கள். எரியட்டும். பதினோரு வருடமாகச் சென்னையில் பச்சை இலைப் பலகை மாட்டிய கடைகளில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். இறைச்சி, முட்டை மட்டுமல்ல, பால், நெய், தேன்கூடச் சேர்ப்பதில்லை என்று சத்தியம் செய்த கடைகள் அவை. அந்தச் சத்தியம் நிற்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. நானோ ராமநாதபுரத்துக்காரி, மீன் குழம்பு இல்லாவிட்டால் சோறு இறங்காத வீட்டில் பிறந்தவள். மங்களேஸ்வரி என்கிற எனக்கு இந்த வேலை கிடைத்த அன்று என் சித்தப்பா, "பூனையைப் பாலுக்குக் காவல் வச்ச கதை கேட்டிருக்கேன். இது பாலே இல்லாத ஊருக்குக் காவல்" என்று ஒரு வாரம் சிரித்தார்.

கண்டுபிடிப்பது என் நாக்கு அல்ல, ஒரு கரண்டி. சுவடு என்று அதற்குப் பெயர். பார்த்தால் சாதாரண எவர்சில்வர் கரண்டிதான். கைப்பிடியில் மட்டும் நகத்தளவு திரை. சாம்பாரில் முக்கினால் அதற்குள் போன ஒவ்வொரு உயிரின் தடயத்தையும் சொல்லிவிடும். கரண்டி வந்த புதிதில் ஊரே அல்லோலகல்லோலப்பட்டது. அதுவரை எந்தக் கடையில் கேட்டாலும் "பால் அயிட்டமே கிடையாதும்மா" என்று அடித்துச் சொல்வார்கள். எதிரே பொங்கல் மினுமினுக்கும். கேட்டால், "நெய் எப்படிம்மா பால் ஆகும்? அது வாசனைக்கு" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தாளிப்பில் விழும் ஒரு கரண்டி நெய்யை உணவிலேயே சேர்க்காத ஊர் இது.

நெய்யைப் பிடித்த கரண்டி அதோடு நிற்கவில்லை. மனிதர் கையையும் பிடித்தது. மாவு கரைத்த கை, புளி பிழிந்த கை, எல்லாமே அதற்கு விலங்குத் தடயம்தான். மனிதனும் விலங்குதானே. கையால் சமைத்த கடைகள் அத்தனையும் ஒரே மாதத்தில் தோற்றுப்போய், இயந்திரம் சமைத்த கடைகள் மட்டும் மிஞ்சின. அவற்றில் சாப்பிட்டு நொந்த ஜனங்கள் சண்டை போட்ட பிறகுதான் விதி மாறியது. பசுவால் சம்மதம் சொல்ல முடியாது, மனிதரால் முடியும். ஆகவே சம்மதித்துப் பெயர் எழுதிய கை குற்றமில்லை என்று முடிவானது. அன்று முதல் ஒவ்வொரு கடையும் தன் உணவில் பட்ட கைகளைப் பெயரோடும் உறவோடும் பதிவேட்டில் எழுத வேண்டும். சாப்பிட வருகிற யாரும் வாசலில் போனைக் காட்டி அதைப் படிக்கலாம். பெயரில்லாத ஒரு கை தென்பட்டால் பத்து நாள் கெடு. அதற்குள் பெயர் வராவிட்டால் பலகையைக் கழற்றிவிடுவார்கள். பலகை இல்லாத கடையை நகரத்தின் வரைபடம் காட்டாது. வரைபடம் காட்டாத கடைக்கு இப்போதெல்லாம் எதிர்வீட்டுக்காரர்கூட வருவதில்லை.

இதில் என் கை மட்டும் எங்கேயும் கலக்கக் கூடாது. சோதிக்கிறவளின் கை உணவில் இருந்தால் வேலை போய்விடும். அதற்காகத் தினமும் காலையில் நீல நிறக் கரைசல் ஒன்றில் இரண்டு கைகளையும் மூன்று நிமிடம் ஊறவைக்கிறேன். பதினோரு வருடம் ஊறிய கையில் எந்த நுண்ணுயிரும் வாழ்வதில்லை. வீட்டில் நான் கரைத்து வைக்கும் இட்லி மாவு பொங்குவதே இல்லை. காலையில் மூடியைத் திறந்தால் நேற்று வைத்த அளவிலேயே அசையாமல் கிடக்கும். தனி ஆள்தானே, மாவு பாக்கெட் வாங்கிக்கொள்கிறேன். இதைச் சிரித்துக்கொண்டே எல்லோரிடமும் சொல்வேன். உண்மையில் எனக்கு இதில் நிறைய வருத்தம் உண்டு.

சாலிகிராமத்தில் சங்கரபாண்டி மெஸ்ஸுக்குப் போனது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். உரிமையாளர் சங்கரபாண்டி கோவில்பட்டிக்காரர், அறுபதை நெருங்குகிறவர். அவர் மனைவி கனியம்மாள் அடுப்படியில் நிற்பார், இவர் பரிமாறுவார். இலை போட்டு, கத்தரிக்காய்க் கொத்சு, சீனியவரைக்காய்ப் பொரியல், மிளகு ரசம் என்று ஒவ்வொன்றாக வந்தது. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் காத்திருந்தது கடைசிக்கு. பச்சை இலைக் கடைகளில் பாதிப் பேருக்குச் சாப்பாட்டை முடித்துவைக்கத் தெரியாது. ரசம் வரை ராஜபோகமாகக் கொண்டுவந்து, தயிருக்குப் பதிலாக முந்திரியை அரைத்துக் கூழாக ஊற்றி அனுப்பிவிடுவார்கள். தயிர் சாதம் சாப்பிடாத தமிழன் எழுந்து கை கழுவினாலும் பந்தியிலிருந்து எழுந்ததாக ஆகாது.

சங்கரபாண்டி ஊற்றியது நிலக்கடலைப் பாலில் உறைந்த தயிர். வழுவழுப்பு இல்லை, பச்சைக் கடலை வாடை இல்லை, அளவான புளிப்பு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வேலை ஞாபகம் வந்த பிறகுதான் கரண்டியை எடுத்து முக்கினேன். திரையில் இரண்டு கை காட்டியது.

"அண்ணாச்சி, தயிருக்கு உறை ஊத்துறது யாரு?"

"நான்தான் மேடம். அந்தப் பானைகிட்ட வேற யாரையும் விடமாட்டேன்."

"இன்னொரு கை காட்டுதே."

"கனியா இருக்கும்."

"அவங்க கை ஏற்கெனவே பதிவுல இருக்கு. இது வேற ஒரு பெண். உங்க கூடப்பிறந்தவங்கன்னு சொல்லுது."

சங்கரபாண்டி தண்ணீர் டம்ளரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்திவைத்தார். பிறகு, அது பழைய உறை என்றார். ஒன்பது வருடத்துக்கு முன்னால், அக்காவும் அவரும் ஒன்றாகக் கடை நடத்திய காலத்தில் அக்கா போட்ட உறை. அதையே நாள் தவறாமல் மாற்றி மாற்றிக் காப்பாற்றி வருகிறார். அந்தக் கைதான் வழிவழியாக வருகிறது. கேட்க நன்றாக இருந்தது. கரண்டிக்குத்தான் இதெல்லாம் எடுபடாது.

"அண்ணாச்சி, உறை மாத்துற ஒவ்வொரு நாளும் தயிர்ல இருக்கிற உயிர்க்கூட்டம் கொஞ்சம் கொஞ்சமா மாறும். அதை எண்ணிப் பார்த்துக் கரண்டி நாள் சொல்லிடும். இந்தக் கை பட்டு ஒம்பது வருஷம் ஆகல. மூணு நாள்தான் ஆகுது."

அடுப்படியில் ஏதோ பாத்திரம் தரையில் விழுந்தது. சங்கரபாண்டி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மாடியில் மிளகாய்ச் செடி வைத்திருப்பதாகவும் நான் அவசியம் பார்க்க வேண்டும் என்றும், அடுப்படிக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

மாடியில் இருபது தொட்டிகளில் மிளகாய்ச் செடி. நிழலில் இருந்த தொட்டியின் பக்கத்தில் மூடி நசுங்கிய சின்னத் தூக்கு ஒன்று இருந்தது. பால் சேர்க்காத தயிருக்கு முதல் உறை எங்கிருந்து வரும் என்று நான் கேட்டதற்கு ஒரு பச்சை மிளகாயைப் பறித்துக் காம்பைக் கிள்ளிக் காட்டினார். வெதுவெதுப்பான கடலைப் பாலில் இந்தக் காம்பை நாலைந்து போட்டு வைத்தால் மறுநாள் உறைந்துவிடும்; சென்னை வெயிலுக்கு ஒரு வாரத்துக்கு மேல் அந்த உறை தாங்காது, புதிதாகப் போட வேண்டும் என்றார். பேசிக்கொண்டே கிள்ளிய காம்பை அந்தத் தூக்குக்குள் போட்டார்.

பிறகு அக்காவைப் பற்றிச் சொன்னார். அக்கா பெயர் உலகம்மாள். பெரம்பூரில் தனியாகக் கடை வைத்திருக்கிறாள். அவள் மகன் இசக்கிக்கு இவர் மகள் வேணி என்பது இரண்டும் தொட்டிலில் கிடந்த நாளிலேயே பேசி வைத்தது. வளர்ந்த பிறகு வேணி, கூடப் படித்த பையனைக் காட்டினாள். இவர் மகள் பக்கம் நின்றுவிட்டார். அக்காளுக்கு உரிமை போன ஆத்திரம். கல்யாணத்தன்று மண்டப வாசல்வரை வந்து, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், "இனி உன் வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன். என் கை பட்ட சோறு உன் தொண்டையில இறங்காது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். ஒன்பது வருடம் ஆகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், சண்டைக்குக் காரணமான இசக்கியும் வேணியும் ஆளுக்கொரு குடும்பமாகி, பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லிக்கொள்கிறார்கள். பெரியவர்கள் இரண்டு பேரும்தான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"அப்போ இந்த உறை எப்படி வருது?"

"கனி செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை கோயம்பேட்டுக்குக் காய் வாங்கப் போவா. எங்க அக்காளும் அங்கன வருவா. பொம்பளையாளுக ரெண்டு பேரும் பேசிக்கிடுதாக. உறையும் கை மாறுது." குரலைத் தணித்துக்கொண்டார். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா, பாவம்."

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"மொத நாளே தெரியும். எங்க அக்கா கை எனக்குத் தெரியாதா? வாயில வச்ச ஒடனே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டா தெரிஞ்சதா ஆயிரும்லா? தெரிஞ்சா, அவ சொன்ன சொல்லுக்கு நான் சாப்புடக் கூடாது. தெரியாதவரைக்கும் சாப்புடலாம். அதான் நான் தெரிஞ்சுக்கிடல."

என் கரண்டி எத்தனையோ கடைகளில் எத்தனையோ பேரைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. அவர்கள் எல்லாம் ஊரை ஏமாற்றியவர்கள். ஒன்பது வருடம் பாடுபட்டு ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமல் இருந்த மனிதரை அது பிடித்தது இதுதான் முதல் தடவை. விதியைச் சொன்னேன். பதிவேட்டில் அக்காவின் பெயரை எழுதி, அவர் சம்மதத்தையும் வாங்கிவிட்டால் ஒன்றுமில்லை. எழுதாவிட்டால் பத்தாம் நாள் பலகை இறங்கும் என்றேன். பலகை போனால் கடை மூன்று மாதம் தாங்காது என்பது எனக்குத் தெரிந்தது போலவே அவருக்கும் தெரியும்.

"போகட்டும் மேடம். எங்க அக்கா சொன்ன சொல்லு மாறிட்டான்னு எழுதி என் கடை வாசல்லயே மாட்டச் சொல்லுதீகளா? அத்தனை பேரு முன்னால சொன்னவ அவ. சொந்தபந்தம் பூரா பாக்கும். அதுக்குப் பதிலா கடையப் பூட்டிட்டு வேற சோலியப் பாத்துட்டுப் போறேன்."

அவருக்குப் பயம் தன் மானத்தைப் பற்றி இல்லை, அக்காளின் மானத்தைப் பற்றி. இறங்கி வந்து கெடுவைப் பதிந்துவிட்டுக் கிளம்பினேன்.

பெரம்பூர் என் எல்லை இல்லை. அங்கே கிருபாகரன் என்ற என் சக ஊழியர்தான் போவார். அந்த மாதச் சுற்றை அவரிடம் மாற்றிக்கொண்டு திங்கட்கிழமை உலகம்மாள் கடைக்குப் போனேன். அறுபத்தைந்து வயது, உயரமான உடம்பு, கல்லாவில் உட்கார்ந்தபடியே யார் இலையில் என்ன குறைகிறது என்று பார்க்கிற கண். நான் கரண்டிக்காரி என்று தெரிந்தும் அதற்காக ஒரு கரண்டி அதிகம் வைக்கவில்லை. பொரியலை ஒதுக்கியதற்கு மட்டும், "எவ்வளவு பெரிய ஆபீசரா இருந்தாலும் அவரைக்காய ஒதுக்கக் கூடாது" என்றார். பயந்துகொண்டு சாப்பிட்டேன். கடைசியில் தயிர் வந்தது. வாயில் வைத்ததும் எனக்கே தெரிந்துவிட்டது. இருந்தாலும் முறைக்குக் கரண்டியை முக்கினேன்.

இரண்டு கை. ஒன்று உலகம்மாளுடையது. இன்னொன்று ஓர் ஆண், உடன்பிறந்தவர், பட்டு ஏழு நாள்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அக்காளின் கை தம்பி வீட்டுக்குப் போகிற வழி தெரியும். தம்பியின் கை இங்கே எப்படி வந்தது? கல்லாவுக்குப் போய்க் கேட்டேன். தன் கடையில் தன் கையைத் தவிர எந்தக் கையும் கிடையாது என்று ஒரே போடாகப் போட்டார். நான் திரையைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி மாட்டி, படித்து, கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். பிறகு என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போனார்.

பலகைக் கல்லின் மேல் உறைப்பானை இருந்தது. உலகம்மாள் அதன் மூடியைத் திறந்து கரண்டியால் மெல்ல ஒதுக்கினார். தயிருக்கு அடியில் மிளகாய்க் காம்புகள் கிடந்தன.

"கனி கொண்டாருத தூக்கு ஒருநாளும் வெறுமனே வந்ததில்ல. நான் உறை குடுத்து விடுதேன். மறுவாரம் தூக்குல காம்பு வந்துரும். அதுலதான் நான் புதுசு போடுதது. போட்டு, முத உறைய அவனுக்கு அனுப்பிட்டுத்தான் எனக்கு எடுத்துக்கிடுவேன்."

"கனி அம்மா பறிச்சு அனுப்புறாங்கன்னு நினைச்சீங்களா?"

"கனிக்குக் காம்பு கிள்ளத் தெரியுமா? அவ நகத்தால வெட்டிருவா. இங்க பாரு, காம்படியில இருக்க பச்ச மூக்கோட, நகம் படாம, சுத்திக் கழட்டியிருக்கு. இப்படிக் கிள்ளுதவன் ஒருத்தன்தான். நான் சொல்லிக் குடுத்தது."

தம்பிக்குச் சின்ன வயதில் பால் ஒத்துக்கொள்ளாதாம். ஒரு வாய் தயிர் உள்ளே போனாலும் வாந்தி எடுப்பானாம். பந்தியில் எல்லாப் பிள்ளைகளும் தயிர் ஊற்றிப் பிசையும்போது இவன் ரசத்தோடு எழுந்து போய்த் தின்ன ஒன்றும் இல்லாமல் நிற்பானாம். பார்க்கச் சகிக்காமல் பதினாலு வயதில் இந்த அக்கா கடலையை அரைத்துப் பால் எடுத்து, என்னென்னவோ போட்டுப் பார்த்து, கடைசியில் மிளகாய்க் காம்பில் உறைய வைத்தாளாம். இன்றைக்கு நகரமே வரைபடம் வைத்துத் தேடி அலைகிற ஒன்றை, கோவில்பட்டியில் ஒரு சிறுமி தன் தம்பி முழுச் சாப்பாடு சாப்பிட வேண்டும் என்பதற்காகச் செய்திருக்கிறாள்.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் கடைக்கும் இனிப் பத்து நாள் கெடு, தம்பி கடைக்கு ஏழு நாள்தான் மிச்சம்.

"அவன் என்ன எழுதினான்?"

"எதுவும் எழுதல. எழுதவும் மாட்டேன்னுட்டார். கடையைப் பூட்டிடுவாராம்."

"ஏனாம்? அவ்வளவு வீம்பா?"

"உங்க சொல் மாறிப்போச்சுன்னு ஊர் சொல்லக் கூடாதாம்."

உலகம்மாள் பானையை மூடினார். மூடியை ஒரு தரம் சரியாக வைத்து, மறுபடியும் எடுத்து, மறுபடியும் வைத்தார். அடுப்பில் கொதித்ததைத் தணித்துவிட்டு வந்து என்னிடமிருந்த பதிவேட்டுத் திரையை வாங்கினார். விரலால், ஒவ்வொரு எழுத்தாக, பெரிதாக எழுதினார். சங்கரபாண்டி. உறவு என்ற கட்டத்தில் தம்பி.

"வாசல்ல எல்லாரும் பாப்பாகளா?"

"பார்ப்பாங்க. உங்க சொந்தக்காரங்களும் பார்க்கலாம்."

"பாக்கட்டும். சொன்ன சொல்லு என்னோடது. சொன்ன வாயே முழுங்கிக்கிடுது. அதுக்கு அவன் எதுக்குக் கடையப் பூட்டணும்?"

அன்று மாலையே சாலிகிராமம் போனேன். சங்கரபாண்டி சாயங்காலச் சாப்பாட்டுக்கு இலை நறுக்கிக்கொண்டிருந்தார். பெரம்பூர்க் கடையின் பதிவேட்டை என் போனில் திறந்து அவர் கையில் கொடுத்தேன். இலையைக் கீழே வைத்துவிட்டுப் படித்தார். இரண்டே வார்த்தைதான். ஒரு பத்திரத்தைப் படிக்கிற மாதிரி வெகுநேரம் படித்தார். பிறகு வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் கடைப் பதிவேட்டைக் கேட்டார். உலகம்மாள் என்று எழுதினார். உறவுக் கட்டத்தில் அக்கா என்று எழுதிவிட்டு, அது போதாது போலத் தோன்றியிருக்க வேண்டும், முன்னால் 'எங்க' என்று சேர்த்தார்.

பெயர் எழுதியதும் சம்மதம் கேட்டு அக்காவின் போனுக்குச் செய்தி போகும். அது போய்ச் சேர்வதற்குள் சம்மதம் திரும்பி வந்துவிட்டது. பெரம்பூரில் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் போல.

கனியம்மாள் அடுப்படிக் கதவில் சாய்ந்து நின்றிருந்தார். சங்கரபாண்டி அவரைப் பார்க்காமலேயே, செவ்வாய்க்கிழமை சமாசாரம் தனக்கு முன்னமே தெரியும் என்று ஒப்புக்கொண்டார்.

"தெரியாமயா இருக்கும்?" என்றார் கனியம்மாள். "அந்தத் தூக்க மாடியில, செடிக்குப் பக்கத்துல கொண்டுபோய் வச்சது யாருன்னு நெனச்சிய?"

ஆக எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரியாத ஒரே ஆள் அரசாங்கம்தான். அதற்கும் நான் போய்ச் சொல்லித் தொலைத்துவிட்டேன். இதனால் நஷ்டப்பட்டவரும் ஒருவர் உண்டு. கனியம்மாளுக்குச் செவ்வாய்க்கிழமைகளின் ருசி போய்விட்டது. ஒளித்துக் கொண்டுவந்த உறைக்குத் தனிப் புளிப்பு என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் உலகம்மாள் தூக்கோடு தானே வந்து இறங்கினார். நானும் போயிருந்தேன், எனக்கு அங்கே அன்று எந்த வேலையும் இல்லை. கடை நிறையக் கூட்டம். சங்கரபாண்டிக்கு வா என்று சொல்ல வாய் வரவில்லை, இலையை மட்டும் போட்டார். அக்காளும் உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்து, சோற்றில் கை வைத்தார். ரசம் வரை ஒரு வார்த்தை இல்லை. தயிர் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்ட பிறகு தலை நிமிர்ந்து, "காம்பு இன்னும் கொஞ்சம் பிஞ்சா பறிக்கணும்ல" என்றார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு தம்பியிடம் பேசிய முதல் பேச்சு அது. "சரிக்கா" என்றார் சங்கரபாண்டி. அதற்குமேல் நிற்க முடியாமல் சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு, சாம்பார் கேட்காதவர்களுக்கெல்லாம் ஊற்றிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சாலிகிராமத்தில் சாப்பிடுவது வழக்கமாகிவிட்டது. விடுமுறை நாள், கரண்டி வீட்டில் இருக்கும். விடுமுறை நாளில் கரைசலில் கை ஊறவைக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனாலும் வருடக்கணக்காகப் பழக்கத்தில் ஊறவைத்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு ஞாயிறு மறந்தேன். அடுத்த ஞாயிறு மறந்ததாக வைத்துக்கொண்டேன். சாப்பிட்ட பிறகு மாடியில் அக்காளும் தம்பியும் உரக்கச் சண்டை போட்டுக்கொண்டே காம்பு கிள்ளுவார்கள். இப்போது அவர்கள் சண்டை போடாத நாளே கிடையாது. சும்மா உட்கார்ந்திருந்த என்னிடம் ஒருநாள் உலகம்மாள் ஒரு கை மிளகாயை அள்ளிப் போட்டார். பச்சை மூக்கோடு சுற்றிக் கழற்ற எனக்கு நாலு வாரம் பிடித்தது.

எட்டு மாதம் கழித்து ஒருநாள் காலையில் கிருபாகரன் கூப்பிட்டார். மறுசோதனைக்கு ஆள் மாற வேண்டும் என்பது விதி. இந்த முறை சாலிகிராமத்துக்கு அவர் போயிருந்தார்.

"மேடம், சங்கரபாண்டி மெஸ்ல தயிர்ல மூணாவதா ஒரு கை காட்டுது. பெண். குடும்பத்துல யாரோடயும் பொருந்தல. கேட்டா, தெரியாதுங்கிறார். பத்து நாள் கெடு குடுத்துட்டு வந்திருக்கேன். போனா போகுது பலகைன்னு சொல்றார். உங்களுக்கு அவரைத் தெரியுமே, கொஞ்சம் பேசிப் பாருங்களேன்."

நான் என் கைகளைப் பார்த்தேன். அப்போதுதான் கரைசலிலிருந்து எடுத்திருந்தேன். விரல் நுனி எல்லாம் நீலமாக இருந்தது. துடைத்துக்கொண்டு கிளம்பினேன்.

கடையில் அக்காள், தம்பி, கனியம்மாள் மூன்று பேரும் இருந்தார்கள். மூன்று பேர் முகத்திலும் ஒன்றுமே தெரியாத ஒரு களை. இந்த மூன்று முகங்களையும் எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கை யாருடையது என்று தெரியவில்லை என்றார் சங்கரபாண்டி. வாடிக்கையாளர் யாராவது பானையைத் தொட்டிருப்பார் என்றார் கனியம்மாள். கரண்டியில் கோளாறு இருக்கும், தூக்கிப் போடச் சொல் என்றார் உலகம்மாள்.

"என் வேலை போயிடும்னுதானே?" என்றேன்.

பதிவேட்டை எடுத்து மங்களேஸ்வரி என்று எழுதினேன். உறவு என்ற கட்டத்துக்கு வந்ததும் என் விரல் நின்றுவிட்டது. எத்தனை கடைகளில் எத்தனை பேரை அந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்லி விரட்டியிருக்கிறேன். என்னிடம் அதில் போட ஒரு வார்த்தை இல்லை. கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன.

உலகம்மாள் எட்டிப் பார்த்தார். "எதுக்கு முழிக்க? தங்கச்சின்னு போடு. இவனுக்கும் எனக்கும் நடுவுல ஒருத்தி இருந்தா என்ன?" என்றார். வயதுக் கணக்கு கொஞ்சமும் சரியில்லை. தம்பியைவிடவும் நான் பத்து வருடம் சின்னவள். நான் அப்படியே போட்டேன்.

மத்தியானம் கரண்டியைத் துடைத்து, அதன் பெட்டியில் வைத்து, கிருபாகரன் கையில் கொடுத்தேன். வேலை போய், கரைசல் பக்கமே போகாமல் ஒரு வாரம் கழிந்த பிறகு அரிசியும் உளுந்தும் வாங்கினேன். சாயங்காலம் அரைத்து, உப்புப் போட்டு, கையை விட்டு நன்றாகக் கரைத்து மூடி வைத்தேன்.

காலையில் எழுந்து பார்த்தபோது பாத்திரத்தின் மூடி ஒருபக்கம் சரிந்து கிடந்தது. மாவு பொங்கி, வழிந்து, மேடையைத் தாண்டித் தரைவரை வந்திருந்தது. துடைப்பதற்குத் துணியை எடுத்தேன்; துடைக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.